காற்றில்லாத குகையில் பறக்கும் துண்டு

1

ரம்பச் சத்தம் முதலில் ஒரு கொசுவைப் போலத்தான் வந்தது. பிறகு வண்டாயிற்று. பிறகு சன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. எங்கள் தெருக்கோடியில் நிற்கும் லிண்டன் மரத்தை நகராட்சிக்காரர்கள் அறுக்கிறார்கள். அறுக்கப் போகிறோம் என்று மூன்று வாரத்துக்கு முன்பே மரத்தில் ஒரு தாளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மரத்துக்கு என்ன நோய், எந்த நாள், எத்தனை மணிக்கு, பதிலுக்கு என்ன கன்று நடுவார்கள், எல்லாம் அதில் இருந்தது. இந்த ஜெர்மனியில் மரம்கூட முன்னறிவிப்பு வாங்கிக்கொண்டுதான் சாகிறது.

ஈர மரத்தூள் வாசம் மாடி ஏறி வந்தது. அவ்வளவுதான், எனக்கு வீடு நழுவிவிட்டது. கண்ணுக்கு முன்னால் எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துச் சாலையும், குறுக்கே விழுந்து கிடந்த புளியமரங்களும். அவற்றுக்கு யாரும் தாள் கட்டவில்லை. முதல் நாள் நிழல் கொடுத்தவை மறுநாள் பஸ்ஸை மறித்துக்கொண்டு படுத்திருந்தன.

"அப்பா, சன்னல சாத்து. சண்ட ஆரம்பிக்கப் போவுது" என்று சோபாவில் இருந்து குரல் கொடுத்தாள் என் மகள் கயல்.

கயலுக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததே இங்கே, ஆக்ஸ்பர்க் நகரத்தில்தான். கள்ளக்குறிச்சிக்கு நாலு முறை வந்திருக்கிறாள். நாலு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறாள். ஆனால் தமிழ் என்று வாயைத் திறந்தால் சின்னசேலம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவள் மாதிரிப் பேசுவாள். அவள் அம்மா செல்வியின் வளர்ப்பு அது. செல்வி நைனார்பாளையத்துக்காரி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே ஜெர்மன் கிழவர்களையே 'இன்னா தாத்தா' என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கப் பழக்கியவள்.

மறுநாள் மதியம் கயல் ஜப்பானுக்குக் கிளம்புகிறாள். அனிமே என்கிறார்களே, ஜப்பானியர்கள் வரைந்து வரைந்து ஓடவிடும் தொடர்கள், அவற்றை வரைகிற சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. கத்தி ஓங்கிய படம் ஒன்று, கத்தி இறங்கிய படம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே நூறு படங்கள் வேண்டும் அல்லவா, அந்த நடுப்படங்களை வரைவது அவள் வேலை. ஒரு வருடம் என்றுதான் பேச்சு. ஒரு வருடம் என்றுதான் நானும் இங்கே வந்தேன்.

2

சனிக்கிழமைதோறும் காலையில் நானும் அவளும் ஒரு சண்டைத் தொடர் பார்ப்போம். அவளுக்குப் பதினாறு வயதில் தொடங்கிய வழக்கம். அன்று கடைசிப் பகுதி.

தொடரின் கதை என்ன என்று கேட்காதீர்கள். ஆறு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கத்திவீரன். கழுத்தில் நீளமாய்ச் சிவப்புத் துண்டு. எங்கள் வீட்டில் அவன் பெயர் துண்டுக்காரன். ஊர் ஊராகப் போகிறான், போன இடத்தில் எல்லாம் சண்டை. சண்டை என்றால் நம் ஊர்ச் சண்டை மாதிரி இரண்டு அறையில் தீர்வதில்லை. போன வாரம் ஓங்கிய கத்தி இந்த வாரம் பாதி வழியில் நிற்கும். எதிராளி அந்த அவகாசத்தில் தன் வித்தைக்கு என்ன பெயர், யாரிடம் கற்றது, அது எப்படி வேலை செய்யும் என்று பொறுமையாக விளக்குவான். கண்ணில் ஒரு பொறி. இமையில் ஒரு பனித்துளி. அந்தத் துளியில் தலைகீழாக ஒரு நிலா. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? கல்யாண வீட்டில் வாழையிலையை ஆறு முறை துடைத்துத் துடைத்து வைத்தால் அழகுதான். சோறு எப்போது?

எல்லாவற்றையும்விட அந்தத் துண்டு. அது பறந்துகொண்டே இருக்கும். மழையில் பறக்கும். மூடிய அறையில் பறக்கும். ஒருமுறை அவன் மலைக்குகைக்குள் நின்று சண்டை போட்டபோதும் பறந்தது.

"குகைக்குள்ள காத்து எங்கருந்துடி வருது?"

"ஸ்டைலுப்பா."

"கதை?"

"வரும்."

"எப்ப?"

"நீ வாய மூடுனா வரும்."

கதை இல்லை, கதை இல்லை என்று திட்டிக்கொண்டே ஒரு சனிக்கிழமையைக்கூட நான் தவறவிட்டதில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் என் பக்கத்தில் உட்காருவாள். இதை அவளிடம் சொன்னதில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களிடம் சொல்வதற்கு, நடுவே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருப்பது வசதியாக இருக்கிறது.

3

இந்த ஊர்க் கதவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஒரு குமிழ் இருக்கும், திருகினால் திரும்பாது. நீங்கள் வெளியே காலை வைத்து, முதுகுக்குப் பின்னால் கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டால் தீர்ந்தது. பூட்டவே வேண்டாம். கையில் சாவி இல்லாதவன் அந்த வீட்டுக்கு அந்நியன்.

ஒரு பனிக்கால மதியம் குப்பை கொட்ட லுங்கியோடு இறங்கிப் போனவன், திரும்பி வந்து அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்வி வேலையில் இருந்தாள். கீழ்வீட்டு அம்மாள் நாயோடு படியேறி வந்தார். ஜெர்மன் மொழியிலும் 'நீ' உண்டு, 'நீங்க' உண்டு. '-ங்க' போடாமல் பேசினால் முதுகில் விழும் என்று வளர்ந்தவன் நான். எதற்கு வம்பு என்று எல்லோருக்கும் 'நீங்க'தான். அம்மாளின் நாய் என் லுங்கியை மோந்து பார்த்தபோதும், "நீங்க கொஞ்சம் உட்காருங்கள்" என்றுதான் வாயில் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை கிடைத்த அந்த நாய் குழம்பிப்போய் எசமானியைப் பார்த்தது.

அரைமணி கழித்து ஒன்பது வயதுக் கயல் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தாள். கழுத்துக் கயிற்றில் சாவி. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னாப்பா, உன்ன தொரத்திட்டாங்களா?"

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, என் வீட்டுக்குள் என்னை விட்டாள். அந்தச் சாவி இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது.

அந்த வாரம் அவளோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நாட்டைவிட்டுப் போகிறவர் தன் முகவரியில் இருந்து பெயரை நீக்கிவிட்டுப் போகவேண்டும் என்பது சட்டம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா போனேன். படிவத்தில் புறப்படும் தேதிக்கு ஒரு கட்டம். போகும் நாட்டுக்கு ஒரு கட்டம்.

"திரும்பி வரும் தேதிக்குக் கட்டம் எங்கே இருக்கிறது?" என்று அங்கிருந்த அதிகாரிப் பெண்ணைக் கேட்டேன்.

"வரும்போது அதற்கு வேறு படிவம் இருக்கிறது" என்றார் அவர், பொறுமையாக.

நல்ல பதில். ஆனாலும் அந்த இல்லாத கட்டம் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லாக வீடுவரை கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் செல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கயலு சாவிய குடுத்துட்டுப் போறாளாம்."

"இன்னாத்துக்கு?"

"அங்க தொலைஞ்சிச்சுன்னா இங்க கட்டடம் மொத்தத்துக்கும் பூட்டு மாத்தணுமாம். வெவரமாத்தான் சொல்றா."

விவரம்தான். இங்கே ஒரே சாவி தெருவாசலையும் திறக்கும், வீட்டையும் திறக்கும். ஆனால் எனக்கு நெஞ்சில் 'டக்' என்றது.

"வெச்சிக்கட்டும்னு நீ சொல்லேன்."

"நீ சொல்லு. ஊருக்கெல்லாம் எழுதினு கெடக்கற இல்ல?"

ஐந்து நாள் ஆயிற்று. சொல்லவில்லை. சொல்ல உட்கார்ந்தபோதெல்லாம் சாவியைப் பற்றி ஒரு கவிதை வந்தது. வளர்ந்து இரண்டு பக்கம் ஆகிவிட்டது. அதில் கடல் இருந்தது, நிலா இருந்தது, இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு நாரை பறந்தது. சாவியை மட்டும் காணோம்.

4

மறியல் வருடத்தைப் பற்றி உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊரே சாலைக்கு வந்து, மரங்களை வெட்டிப் போட்டு மறித்த காலம். எரிந்த வீடுகளும் உண்டு, திரும்பி வராத ஆட்களும் உண்டு; அதை ஒரு சினிமாக் கதையின் ஓரத்தில் வைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கிளர்ச்சியால் வந்த ஒதுக்கீட்டு இடத்தில்தான் நான் பிற்பாடு பாலிடெக்னிக்கில் போய் உட்கார்ந்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு. கச்சிராயபாளையத்தில் சினிமாக் கொட்டாய் இருந்தது. கள்ளக்குறிச்சித் தியேட்டரில் ஓடும் படத்தின் ஒரே பிரதியை எங்கள் கொட்டாயும் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே ஓடி முடிந்த சுருள்களைப் பெட்டியில் போட்டு, முனுசாமி அண்ணன் மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். அவர் வண்டி விளக்கு தெரிந்தால்தான் எங்களுக்கு இடைவேளை முடியும்.

அன்று காலையிலேயே மரங்கள் விழுந்துவிட்டன. மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் இல்லை. சந்தைக்குச் சாமையும் தேனும் கொண்டுவந்த மலைக்காரர்கள் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் கொட்டாய் வாசலில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். "உள்ள வந்து படம் பாருங்க, பொழுதாவது போவும்" என்று கொட்டாய் முதலாளி அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மறியலுக்குப் போகாத உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர். நானும் இருந்தேன், நாலாவது முறையாக.

சாயங்கால ஆட்டம். முன்பாதிச் சுருள்கள் முதல் நாளே வந்திருந்ததால் தடங்கலில்லை. ஒரு தாய், ஒரு மகன், இரண்டு பேரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள். இடைவேளை. இடைவேளை நீண்டது, மேலும் நீண்டது. கடைசியில் முனுசாமி அண்ணன் நடந்து வந்தார், தலையில் ஒரே ஒரு பெட்டியோடு.

"எங்கடா இன்னொரு பொட்டி?" என்றார் முதலாளி.

"மூணு எடத்துல மரம் மொதலாளி. வண்டி தாண்டல. தலமேல வெச்சினு ஏறி எறங்கி வரேன். ஒண்டி ஆளு, ரெண்டு பொட்டிய எப்டி தூக்குறது?"

"இது எந்தப் பொட்டி?"

"கடசிப் பொட்டி. சண்ட. நடுப் பொட்டில ஒரே அழுவாச்சிதான? சண்ட இல்லாம ஜனம் வுடுமா?"

"நடுப் பொட்டி?"

"மரத்தாண்ட இருக்குது. மறியல் பசங்க அதும்மேல தாயம் ஆடிக்கினு இருக்கறாங்க."

சண்டை ஓடியது. அடடா, என்ன சண்டை! நாற்பது பேர், ஒருவன். வைக்கோல் போர் சிதறுகிறது, பானைகள் பறக்கின்றன. கூரை அதிர விசில். கொஞ்ச நேரத்தில் விசில் இளைத்தது. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரர் சத்தமாகக் கேட்டார்: "அம்மா கூட சோறு துன்னுக்கினு இருந்தான். இப்ப இன்னாத்துக்கு தாடியோட வந்து அடிக்கிறான்?"

சண்டை முடிந்தது, வீரன் ரத்தத்தோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தான், திரையில் 'வணக்கம்' போட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதலாளி திரைக்கு முன்னால் வந்து, "நடுக்கதை தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினார்.

நான் குதித்து எழுந்தேன். சட்டைப்பையில் கவிதை நோட்டு வைத்திருந்த வயது அது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "அந்த இரவு ஒரு கரிய யானையாக ஊருக்குள் அசைந்து வந்தபோது..."

"யானை எங்கருந்து வந்துச்சு தம்பி?" என்றாள் ஒரு மலைக்காரப் பெண்.

"யானை இல்லீங்க. இரவு. அந்தத் தாயின் விழிகளில் முத்துக்கள் உருண்டு..."

"அவன் வூட்ட வுட்டு போனானா, இல்லியா? அத சொல்லு."

"போனான். எப்படிப் போனான் தெரியுமா? கூட்டைப் பிரியும் நாரை போல..."

ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் தோல் என் முகத்தில் வந்து விழுந்தது. "யானைய கட்டிப் போட்டுட்டு உக்காரு சாமி!" என்றது ஒரு குரல். கொட்டாய் சிரித்தது. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பாக்கியக்கா உள்ளே வந்தார். சுண்டல் விற்பவர். பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு வெளியே அவர் அடுப்பு. அங்கிருந்து திரையின் ஓரம்கூடத் தெரியாது. ஐந்து நாளாக அந்தப் படத்தைக் காதால் மட்டும் கேட்டவர். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"தோ பாருங்க. இவன்தான் ஊர்க் கெணத்துல வெசம் கலந்தான்றாங்க. அவன் இல்லன்றான். யாரும் நம்பல. பெத்தவளும் நம்பல. 'எனக்குப் புள்ளையே இல்ல, போடா'ன்றா. போய்ட்டான். அப்பால கதவ சாத்துறா. சாத்துற சத்தம் கேக்குது. தாப்பா போடுற சத்தம் கேக்கல. தெனிக்கும் காது குடுத்துக் கேக்கறேன், ஒரு நாளும் கேக்கல. வாயிதான் போடான்னுச்சு, கை தாப்பா போடல. அவ்ளோதான். வெசம் கலந்தவனத் தேடிப் புடிச்சி அடிக்கிறான். அப்பறம் வூட்டுக்கு வரான்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசிச் சுருளை இன்னொரு முறை போடச் சொன்னது கூட்டம். அதே நாற்பது பேர். அதே வைக்கோல், அதே பானை. ஒரு விசில் இல்லை. ரத்தத்தோடு வந்தவன் இரண்டு கையும் தூக்க முடியாமல் தோளால் கதவைத் தள்ளினான். கதவு திறந்துகொண்டது.

"தொறந்தேதான் வெச்சிருந்தா" என்றாள் அந்த மலைக்காரப் பெண், பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோல.

மூன்று முறை பார்த்தவன் நான். தாழ்ப்பாளை ஒருமுறையும் பார்த்திருக்கவில்லை.

5

இந்தக் கதையைத்தான், தொடரின் கடைசிப் பகுதியை நடுவில் நிறுத்தச் சொல்லி, கயலிடம் சொன்னேன். தெருவில் ரம்பம் ஓய்ந்திருந்தது. திரையில் துண்டுக்காரன் கத்தியை ஓங்கியபடி உறைந்து நின்றான். கதையில்லாத சண்டையின் கதியைச் சாட்சியோடு நிரூபித்துவிட்ட வக்கீல் தோரணையில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கயல் சிரிக்கவில்லை.

"அந்தக்கா படத்த பாக்கவே இல்லியா?"

"இல்ல."

"நீ மூணு தபா பாத்த."

"அன்னிக்கு நாலாவது."

"உனக்கு தாப்பா தெரியல."

"தெரியல."

"இப்ப துண்டு தெரியுதா?"

முதல் பகுதிக்குப் போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் பார்த்தது. துண்டுக்காரன் சின்னப் பையனாக வீட்டு வாசலைத் தாண்டுகிறான். அவனுக்குப் பின்னால் உச்சி உடைந்த ஒரு மலை. "துண்டு எந்தப் பக்கம் பறக்குது?"

"பின்னால. மலப் பக்கம்."

ஒரு பாலத்துச் சண்டையைப் போட்டாள். அவன் வேறு திசை பார்த்து நின்றான்; தூரத்தில் தீக்குச்சி முனை அளவுக்கு அந்த மலை; துண்டு அந்தப் பக்கம். மழையில் ஒரு சண்டை. மழை இங்கிருந்து அங்கே சாய்ந்து பெய்கிறது, துண்டு அங்கிருந்து இங்கே, மலையைப் பார்த்து. ஐந்து சண்டை காட்டினாள். கடைசியில் அந்தக் குகை. நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த குகை. சுவரில் ஒரு பொந்து, பொந்துக்கு அப்பால் உடைந்த உச்சி, துண்டு அந்தப் பொந்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது.

"ஒரு வசனத்துலயும் சொல்லலியே" என்றேன்.

"இன்னாத்துக்கு சொல்லணும்? அதான் வரைஞ்சிருக்காங்க இல்ல? அவன் வூட்ட வுட்டுப் போனவன்பா."

சமையலறையில் இருந்து செல்வி எட்டிப்பார்த்தாள். "இன்னா, சத்தத்தயே காணோம்? அப்பா தோத்துட்டாரா?"

கயல் கடைசிப் பகுதிக்குத் திரும்பினாள்; கத்தி ஒருவழியாக இறங்கியது. யார்மேல் என்று சொல்ல எனக்குத் தெரியாது. நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

செல்விக்கு ஞாயிறு பகல் வேலை. விடியும்போதே மகளைக் கட்டிப் பிடித்து, முறுக்கு டப்பாவைப் பையில் திணித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். விமான நிலையத்துக்கு வரக்கூடாது என்று எனக்குக் கயலின் தடை. "ஏர்போர்ட்டுக்கு வந்து கவித படிப்ப. எனக்கு மானம் போவும்." ஆக, மியூனிக் போகும் ரயில்வரைதான் எனக்கு அனுமதி.

நடைமேடையில் வெயில் இருந்தது. ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, கயல் மறுபடியும் இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். சட்டைப்பையில் இருந்த இரண்டு பக்கக் கவிதையை நான் தொட்டேன். அவள் கைப்பையில் இருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வளையத்தில் விரல் அளவு துண்டுக்காரன் பொம்மை தொங்கியது. நகத்தால் வளையத்தைப் பிரித்து, வீட்டுச் சாவியைத் தனியாகக் கழற்றினாள். அந்த வளையம் சீக்கிரம் திறக்காத வளையம். ஆனாலும் திறந்துவிட்டது.

சாவியை நீட்டினாள். நான் தாளை எடுத்தேன்.

"அப்பா, அத போன்ல அனுப்பு. ரெண்டு நிமிசம்தான் இருக்குது. நேரா சொல்லு."

யானை எங்கருந்து வந்துச்சு தம்பி என்று யாரோ காதுக்குள் கேட்டார்கள். தாளை மடித்து உள்ளே வைத்தேன். சாவியோடு சேர்த்து அவள் விரல்களை மூடினேன்.

"இந்த ஊருக் கதவு தானா சாத்திக்கும்மா. எங்களால தொறந்து வெக்க முடியாது. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

"தொலைஞ்சா?"

"மொத்தக் கட்டடத்துக்கும் மாத்திக்கலாம்."

அவள் ரயிலில் ஏறி, வாசலிலேயே நின்று, சாவியை மறுபடியும் வளையத்தில் கோத்தாள். கதவு சாத்தப்போவதற்கான மணி ஒலிக்கத் தொடங்கியது.

"செரிப்பா" என்றாள். "பெல் அடிக்காம வருவேன்."